சேற்றில் சுழலும் சக்கரம்



வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த ஒரு காலை வேளையில் தாம்பரத்திலிருந்து முடிச்சூர்ப் பக்கமோ, மாடம்பாக்கத்தின் பக்கமோ செல்கிறவர்களுக்கு இக்காட்சி புதிதாக இராது. மண் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று சாலையோரத்துக் களிமண்ணில் ஒருபுறம் சரிந்து நிற்கும். ஓட்டுநர் இயந்திரத்தை முடுக்குவார். பின்சக்கரங்களில் ஒன்று சேற்றை வாரி இறைத்துக்கொண்டு பம்பரம்போல் சுழலும். எதிர்ப்புறச் சக்கரமோ கெட்டியான தரைமீது இருந்தும் இம்மியும் அசையாது. கூடி நிற்பவர்கள் கல்லும் மட்டையும் கொண்டுவந்து போடுவார்கள். அவர்களுள் ஒரு சிறுவன் கேட்கும் கேள்விதான் இன்றைய பேச்சின் பொருள்: "அந்தச் சக்கரம் நல்ல தரையில்தானே இருக்கிறது? அது ஏன் இழுக்கமாட்டேன் என்கிறது?"

கேள்வி எளியது. விடை சொல்லச் சற்றுத் தொலைவு சுற்றிவர வேண்டும்.

ஒரு வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடவேண்டியிருக்கிறது. எவ்வளவு அதிகம்? லாரியின் இரு பின்சக்கரங்களுக்கும் இடையே 1.8 மீட்டர் அகலம் என்று கொள்வோம். வண்டி ஒரு செங்கோணம் திரும்பினால் வெளிச்சக்கரம் சுமார் 2.8 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். வளைவு பெரியதாயினும் சிறியதாயினும் இக்கணக்கு மாறாது. நம்பாதவர்கள் இரண்டு வட்ட விற்களை வரைந்து கணித்துப் பார்க்கலாம். வளைவின் ஆரம் கணக்கிலிருந்து தானாகவே நீங்கிவிடும்.

இந்த வேற்றுமையைச் சமாளிக்க மனிதன் மூன்று வழிகளைக் கண்டிருக்கிறான். முதலாவது நம் மாட்டுவண்டியின் வழி. அச்சு அசையாமல் நிற்க, சக்கரங்கள் தத்தம் விருப்பம்போல் அதன்மீது உருளுகின்றன. இழுப்பது மாடு, சக்கரம் இழுப்பதில்லை. ஆகவே அங்கே தொல்லையே இல்லை. இரண்டாவது வழியைத் தாம்பரம் ரயில் நிலையத்தில் காணலாம். 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடிவரும் மின்சார ரயிலில், ஒரே அச்சின் இரு சக்கரங்களும் அச்சோடு இறுகப் பொருத்தப்பட்டவை. ஒன்று சுழன்றால் மற்றதும் அதே அளவு சுழன்றே தீரவேண்டும். அப்படியானால் வளைவில் எப்படித் திரும்புகிறது? ரயில் சக்கரத்தின் விளிம்பு நேரான உருளை அன்று. சற்றே கூம்பாகச் சரித்துக் கடையப்பட்டது. வளைவில் வண்டி ஒருபுறம் நகரும்போது வெளிச்சக்கரம் தன் பருத்த பாகத்தின் மீதும், உட்சக்கரம் தன் மெலிந்த பாகத்தின் மீதும் உருளுகின்றன. குறுகிய வளைவில் இந்தத் தந்திரம் போதாமற் போகும்போதுதான் சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கித் தேய்ந்து கிறீச்சிடுகிறது.

மூன்றாவது வழி மோட்டார் வண்டிக்கு உரியது. இங்கே சக்கரமே இழுக்கவும் வேண்டும். வேறு வேறு வேகத்தில் சுழலவும் வேண்டும். இதற்காகப் பின்னச்சின் நடுவே குடம்போல் பருத்த இரும்புக் கூட்டினுள் அமைந்திருப்பதே டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி. பிரான்ஸ் தேசத்துக் கடிகாரக் கைவினைஞரான ஒனேசிஃபோர் பெக்கூர் என்பவர் 1827-ஆம் ஆண்டில் நீராவி வண்டி ஒன்றுக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். பெட்ரோல் மோட்டார் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அதன் பின்னச்சுக்குரிய பொறி பிறந்துவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

இதன் தத்துவத்தை அறிய நுகத்தடியை நினைத்துக்கொள்ளுங்கள். நுகத்தின் நடுவில் ஏர்க்கால் கட்டப்பட்டிருக்கிறது. இரு முனைகளிலும் இரண்டு மாடுகள். நடுக்கட்டு தளர்வாக இருந்தால் ஒரு மாடு சற்று முந்தலாம், மற்றது பிந்தலாம். வண்டி தடையின்றிச் செல்லும். ஆனால் அந்தத் தளர்வுக்கு ஒரு விலை உண்டு. ஒரு மாடு இழுக்காமல் நின்றுவிட்டால், மற்றொரு மாடு எவ்வளவு வலியதாயினும் அதன் வலிமை வீணே. அது இழுக்க இழுக்க நுகம் திரும்புமேயன்றி வண்டி நகராது. இரு முனைகளிலும் இழுப்பு சமமாக இருந்தால்தான் நுகம் நேராக நிற்கும். ஆகையால் வலிய மாடு மெலிய மாட்டின் அளவுக்கு மேல் இழுக்கவே இயலாது. டிஃபரன்ஷியலும் இத்தகைய நுகந்தான். இரு சக்கரங்களுக்கும் அது வேகத்தை வேறுவேறாக அனுமதிக்கும். முறுக்குவிசையை மட்டும் எப்போதும் சமமாகவே பங்கிடும்.

சிறுவனின் கேள்விக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கும் போட்டுவிடுவோம். பின்சக்கரம் ஒவ்வொன்றின் மீதும் 4 டன் பாரம் இருக்கட்டும். கெட்டித் தரையில் பிடிமானம் பாரத்தில் பத்தில் ஆறு பங்கு. வழுக்கும் களிமண்ணில் பத்தில் ஒரு பங்கு. கெட்டித் தரைச் சக்கரம் 2400 கிலோ இழுக்க வல்லது. சேற்றுச் சக்கரம் 400 கிலோதான் இழுக்கும். டிஃபரன்ஷியலோ வலிய சக்கரத்துக்கும் அந்த 400 கிலோவையே அளக்கிறது. ஆக மொத்தம் 800 கிலோ. வண்டி மேடேற 1500 கிலோ தேவைப்பட்டால் அது நின்ற இடத்திலேயே நிற்கும். இயந்திரத்தின் குதிரைத் திறனை இரட்டிப்பாக்கினாலும் பயனில்லை. சேறுதான் இரட்டிப்பாகத் தெறிக்கும். நுகத்தின் நடுக்கட்டை இறுக்கிவிட்டாலோ இரு சக்கரங்களும் தத்தம் முழு வலிமையைக் காட்டும். மொத்தம் 2800 கிலோ. அதே வண்டி, அதே சேறு. மூன்றரை மடங்கு இழுவிசை.

இவ்வாறு இறுக்குவதற்கான அமைப்பையே ஓட்டுநர்கள் 'டிஃபரன்ஷியல் லாக்' என்கிறார்கள். கல்லும் மண்ணும் சுமக்கும் டிப்பர்களில் இது பெரும்பாலும் உண்டு. பத்துச் சக்கர டிப்பர்களில் இரண்டு பூட்டுகள்கூட இருக்கும்; இரு பின்னச்சுகளுக்கும் இடையே ஒன்று, சக்கரங்களுக்கு இடையே மற்றொன்று. வண்டலூர் வாலாஜாபாத் சாலையிலுள்ள ஒரகடத்தில் 2012 முதல் பாரத்பென்ஸ் லாரிகள் தயாராகின்றன. அங்கிருந்து வரும் டிப்பர்களில் இவ்வமைப்பைக் காணலாம். படப்பை, மணிமங்கலம் பக்கத்து வயல்களில் உழும் டிராக்டரிலும் ஓட்டுநரின் குதிகாலுக்கு அருகே ஒரு சிறு மிதி இருக்கும். அதுவும் இதே பூட்டுதான்.

இனிதான் நாம் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இந்தப் பூட்டைப் பற்றி ஓட்டுநர்கள் சொல்லும் குறை எங்கும் ஒன்றே: "விசையைப் போட்டால் உடனே விழமாட்டேன் என்கிறது. சில நேரம் விழுகிறது, சில நேரம் விழவே இல்லை. வேண்டாதபோது விடுவித்தால் விடவும் மாட்டேன் என்கிறது." பழுது என்று எண்ணிப் பட்டறைக்குக் கொண்டுபோவோரும் உண்டு. பல சமயங்களில் அங்கே பழுதே இராது. பூட்டு தாமதிப்பது அதன் பிறவிக் குணம்.

உள்ளே நடப்பதைப் பார்ப்போம். டிஃபரன்ஷியல் கூட்டின் பக்கவாட்டில் வளையமாகப் பற்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. சக்கரத்துக்குச் செல்லும் அச்சுத்தண்டின் மீது, முன்னும் பின்னும் சறுக்கக்கூடிய மற்றொரு வளையம். அதன் முகத்திலும் அதே போன்ற பற்கள். ஓட்டுநர் விசையைப் போட்டதும், தொட்டியில் அடைபட்ட அழுத்தக் காற்று குழாய் வழியே பாய்ந்து ஒரு கவையைத் தள்ளுகிறது. கவை வளையத்தைத் தள்ளுகிறது. ஒருபுறத்துப் பற்கள் மறுபுறத்து இடைவெளிகளுள் நுழைந்தால் தண்டும் கூடும் ஒன்றாகிவிடும். ஒருபுறத்துத் தண்டு கூட்டோடு ஒன்றானால் மறுபுறத்துத் தண்டும் வேறு கதியின்றி அதனோடு சுழலும்.

ஆனால் பல்லுக்கு நேரே இடைவெளி இருக்கும் என்பதற்கு உறுதி ஏது? பல்லுக்கு நேரே பல்லே நின்றால்? அப்போது காற்று எவ்வளவு தள்ளினாலும் இரண்டும் முகத்தோடு முகம் முட்டிக்கொண்டு காத்திருக்கும். வண்டி நின்றுகொண்டிருந்தால் நிலை மாறப்போவதில்லை. நேர்ச்சாலையில் ஓடினாலும் மாறாது. இரு சக்கரங்களும் சமமாகச் சுழல்வதால் தண்டும் கூடும் ஒரே வேகத்தில் செல்கின்றன. ஓடும் ரயிலில் எதிரெதிரே அமர்ந்த இருவர் தாம்பரம் வரையில் எதிரெதிராகவே வருவது போல, அந்தப் பல்லும் இந்தப் பல்லும் முகம் பார்த்தபடியே பயணம் செய்யும். ஓட்டுநரின் முன்னே பூட்டு விளக்கு எரியாது. அவர் விசையைத் தட்டுவார், திரும்பத் தட்டுவார். விசையில் குற்றமில்லை.

வேண்டியது ஒரு சிறு திருப்பம். எவ்வளவு சிறியது என்பதையும் கணித்துவிடலாம். வளையத்தில் 20 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு 18 பாகை. மிக மோசமான நிலையிலும் தண்டு கூட்டைவிட 18 பாகை முந்தினாலோ பிந்தினாலோ ஓர் இடைவெளி நேரே வந்துவிடும். தண்டுக்கும் கூட்டுக்கும் உள்ள வேற்றுமை, இரு சக்கரங்களுக்கும் இடையிலுள்ள வேற்றுமையில் பாதி. ஆகவே சக்கரங்களுக்கு இடையே 36 பாகை, அதாவது ஒரு சுற்றில் பத்தில் ஒரு பங்கு, வேற்றுமை ஏற்படவேண்டும். சக்கரத்தின் விட்டம் ஒரு மீட்டரானால் தரையில் அது ஏறத்தாழ 31 சென்டிமீட்டர். முன்சொன்ன 1.8 மீட்டர் அகலமுள்ள வண்டியில் இந்த 31 சென்டிமீட்டர் வேற்றுமையை உண்டாக்க, வண்டியின் முகம் சுமார் 10 பாகை திரும்பினால் போதும். கடிகாரத்தில் நிமிட முள் இரண்டு நிமிடத்தில் நகரும் அளவைவிடவும் இது குறைவு. விசையைப் போட்டுவிட்டு, நடைவேகத்தில், ஸ்டியரிங்கைச் சற்றே இடமும் வலமும் அசைத்துக்கொண்டு சென்றால் ஒரு வண்டி நீளத்துக்குள் பற்கள் சேர்ந்துவிடும். மிதியிலிருந்து காலைச் சற்றுத் தளர்த்துவதும் நல்லது. முறுக்கின் இறுக்கம் நீங்கினால் பற்கள் எளிதில் நழுவி நுழையும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. இந்த வேலையைச் சேற்றுக்குள் இறங்கியபின் செய்ய முடியாது. அங்கே ஸ்டியரிங்கை அசைத்தாலும் நிற்கும் வண்டி திரும்பாது. கெட்டித் தரையிலேயே, சேற்றுக்குப் பத்தடி முன்னதாகவே, பூட்டைப் போட்டு விளக்கு எரிந்ததைக் கண்டபிறகுதான் இறங்கவேண்டும். சிக்கிக்கொண்டபின் பூட்டைத் தேடுபவர் அடுத்து ஒரு பெருங்குற்றமும் செய்வார். ஒரு சக்கரம் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போதே விசையைப் போடுவார். பற்கள் நுழையப் பார்த்து, நுழைய முடியாமல், ஒன்றன்மேல் ஒன்று அறைந்து கறகறவென்று கத்தும். முனைகள் மழுங்கும். நல்லகாலமோ கெட்டகாலமோ, தப்பித்தவறி நுழைந்துவிட்டால் சுழலும் பாகங்களின் வேகம் முழுவதும் ஒரே கணத்தில் அச்சுத்தண்டின்மீது விழும். தண்டு முறிந்தாலும் முறியும். கல்குவாரிச் சரிவில் பாரத்தோடு ஏறும் டிப்பரின் அச்சு பாதி மேட்டில் முறிந்தால் என்னவாகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. இழுவிசை அற்ற வண்டி பின்னோக்கி உருளும்; பின்னால் மற்றொரு லாரி வந்துகொண்டிருக்கும்.

பல்லாவரத்துக் குன்றுகளைச் சுற்றி ஒரு காலத்தில் இத்தகைய குவாரிச் சரிவுகள் பல இருந்தன. அங்கே கிடைத்த கருங்கல் வகைக்குத்தான் புவியியலார் சார்னோக்கைட் என்று பெயரிட்டார்கள். கல்லெடுத்து முடிந்த பள்ளங்கள் பலவற்றில் இன்று நீர் நிற்கிறது. இது வழியில் வந்த செய்தி. நம் பொருளுக்குத் திரும்புவோம்.

பிறவிக் குணமான தாமதம் வேறு, நோயால் வரும் தாமதம் வேறு. பத்துப் பன்னிரண்டு பாகை திருப்பியும் பூட்டு விழவில்லையானால் நோயைத் தேடவேண்டியதுதான். காற்றுக் குழாயில் கசிவு இருக்கலாம். தொட்டியில் அழுத்தம் நிரம்புமுன் விசையைப் போட்டிருக்கலாம். கம்பியால் இழுக்கும் வகையில் கம்பி நீண்டோ துருவேறியோ போயிருக்கலாம். பூட்டு விழுந்தும் விளக்கு எரியாமலிருக்கலாம். விளக்கை ஏற்றும் சிறு விசை நீர்பட்டுக் கெட்டிருந்தால் விளக்கு பொய் சொல்லும். ஆயினும் நம் தென்புறநகர்ப் பகுதிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது வெள்ளநீரையே.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாட்களில் அடையாறு பெருகி முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். அச்சு முழுகும் நீரில் ஒரு வண்டி சென்றால் என்ன நேர்கிறது என்று பாருங்கள். பின்னச்சுக் கூடு ஓட்டத்தால் சூடேறியிருக்கிறது. உள்ளேயுள்ள காற்றும் சூடாக விரிந்திருக்கிறது. கூட்டின் தலையில் அக்காற்று போய்வர ஒரு சிறு மூச்சுத்துளை உண்டு. சூடான கூடு திடீரென்று குளிர்ந்த நீரில் முழுகியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. மூச்சுத்துளையின் வழியே காற்றுக்குப் பதிலாக வெள்ளநீரை உள்ளிழுக்கிறது. எண்ணெயும் நீரும் கலந்து சில நாட்களில் மோர்போல் வெளுத்துவிடும். வண்டியோ வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். ஓடும் பற்சக்கரங்கள் தம்மைத் தாமே துலக்கிக்கொள்கின்றன. ஆண்டில் பதினொரு மாதம் அசையாதிருக்கும் பூட்டு வளையத்திலும் கவையிலும் துரு பிடிக்கிறது. அடுத்த ஐப்பசியில், உண்மையில் தேவைப்படும் நாளில், காற்றுத் தள்ளியும் வளையம் நகர்வதில்லை. வெள்ளத்தில் சென்ற வண்டியின் டிஃபரன்ஷியல் எண்ணெயைத் தாமதமின்றி மாற்றுவதும், மழையில்லாத மாதங்களிலும் மாதம் ஒருமுறை மண்தரையில் பூட்டைப் போட்டு எடுப்பதும் அதிகச் செலவில்லாத வேலைகள். மூச்சுத்துளைக்கு ஒரு ரப்பர்க் குழாயை மாட்டி உயரத்துக்குக் கொண்டுபோய்விடுவது இன்னும் நன்று.

மனிதன் போடவேண்டிய பூட்டைத் தானே போட்டுக்கொள்ளும் பொறிகளும் வந்துவிட்டன. தாம்பரத்துக்குத் தெற்கே, செங்கற்பட்டு செல்லும் வழியில், மஹிந்திரா நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்நிறுவனத்தின் தார் என்னும் கரடுமுரடான பாதைக்குரிய வண்டியில் ஈட்டன் வகைத் தானியங்கிப் பூட்டு பொருத்தப்பட்டு வந்திருக்கிறது. இதன் உள்ளே சிறு எடைக்கட்டிகள் கொண்ட ஒரு சுழல் கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. இரு சக்கரங்களின் வேகத்துக்கு இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வேற்றுமை வந்ததும் எடைக்கட்டிகள் வெளியே விரிந்து ஒரு கொக்கியில் மாட்டுகின்றன. உடனே உராய்வுத் தட்டுகள் நெருக்கப்பட்டுப் பூட்டு விழுகிறது. சாலையில் வேகமாகச் செல்லும்போது, மணிக்கு 30 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, பூட்டு விழாதபடி தடுக்கும் ஏற்பாடும் உள்ளேயே இருக்கிறது.

இங்கும் தாமதம் உண்டு. அதன் காரணம் வேறு. ஒரு சக்கரம் நின்றிருக்க மற்றது நிமிடத்துக்கு 100 சுற்றுச் சுழலவேண்டும் என்றால், இரண்டரை மீட்டர் சுற்றளவுள்ள அந்த டயரின் விளிம்பு மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தை எட்டவேண்டும். புதிய ஓட்டுநர் சக்கரம் வெறுமே சுழலத் தொடங்கியதுமே அஞ்சி, 8 அல்லது 10 கிலோமீட்டரில் காலை எடுத்துவிடுகிறார். திரும்ப மிதிக்கிறார், திரும்ப எடுக்கிறார். பூட்டு விழும் வாசல்வரை சென்று திரும்பிவிடுவதால் "இது வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டுகிறார். காலைப் படிப்படியாக அழுத்திச் சற்றே பொறுத்திருந்தால் 'டக்' என்ற ஓசையோடு வண்டி முன்னே பாயும். அப்பாய்ச்சலுக்கும் ஆயத்தமாக இருக்கவேண்டும். முன்னால் ஆள் நிற்கலாகாது. என் கருத்தைக் கேட்டால், கற்பாறை வழிக்கும் வழுக்குப் புல்லுக்கும் இவ்வகை ஏற்றது. கோவளத்துக் கடற்கரை மணலிலோ பாலாற்று மணலிலோ அந்த 15 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதற்குள் சக்கரம் தனக்கொரு குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். அங்கே முன்கூட்டியே கையால் போடும் பூட்டே மேலானது.

கையால் போடும் பூட்டை எடுப்பதிலும் இதே பொறுமை வேண்டும். சேற்றைக் கடந்து தார்ச்சாலையை அடைந்த பின்னும் பூட்டியபடியே சென்றால் வண்டி திரும்ப மறுக்கும், டயர் தேயும், ஈரச்சாலையில் பின்பாகம் வழுக்கும். விசையை எடுத்தும் விளக்கு அணையவில்லையென்றால் பற்கள் முறுக்கின் அழுத்தத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கின்றன என்று பொருள். காலைத் தளர்த்தி, ஸ்டியரிங்கை எதிர்ப்புறம் சற்றுத் திருப்பினாலும், ஓரடி பின்னுக்கு வந்தாலும் விட்டுவிடும். சுத்தியலுக்கு அங்கே வேலையில்லை.

மோட்டார் துறையில் நாட்டமுள்ள மாணவர்கள், குரோம்பேட்டையில் 1949 முதல் மோட்டார்ப் பொறியியல் கற்பிக்கும் எம்.ஐ.டி. போன்ற கல்லூரியின் பட்டறையிலோ, தெரிந்த ஒரு மெக்கானிக்கின் மேற்பார்வையிலோ ஒரு சோதனை செய்து பார்க்கலாம். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்சக்கரங்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி, உறுதியான தாங்கிகளின்மீது நிறுத்தவேண்டும். இயந்திரம் நின்றிருக்க, கியர் மட்டும் போட்டிருக்கட்டும். இப்போது ஒரு சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுழற்றினால் மற்றது அதே அளவு பின்னோக்கிச் சுழலும். டயரின் ஓரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, பூட்டு விசையைப் போடச் சொல்லி, சக்கரத்தை மெல்லத் திருப்புங்கள். சில சமயம் தொட்டவுடனே பூட்டு விழும். சில சமயம் சற்றுத் திருப்பியபின் விழும். விழுந்ததும் சக்கரம் கையில் சட்டென்று நின்றுவிடும். பிறகு எப்பக்கமும் அசையாது. பத்துப் பன்னிரண்டு முறை செய்து, கோடு நகர்ந்த தூரங்களில் மிக நீண்டதைப் பாகையாக மாற்றி, 360-ஐ அதனால் வகுத்தால், கூட்டைப் பிரிக்காமலே உள்ளே இருக்கும் பற்களின் எண்ணிக்கை ஏறக்குறையத் தெரிந்துவிடும்.